மெர்லின் கடைசி எபிசோட்: காட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் தங்கம்

ஸ்பாய்லர் இருக்கு, ஒண்ணு ரெண்டு இல்ல, முழுக்க ஸ்பாய்லர்தான். 2012 டிசம்பர் 24, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பிபிசி ஒன்ல வந்த எபிசோட் இது, இத்தனை வருஷம் ஆகியும் பாக்காதவங்க இருந்தா இங்கயே நிறுத்திட்டு போய் அஞ்சு சீசனையும் பாத்துட்டு வாங்க, நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்.

பாத்தவங்களுக்கு நேரா விஷயத்துக்கு வரேன். மெர்லின் சீரிஸோட 65ஆவது எபிசோட், 'தி டைமண்ட் ஆஃப் தி டே' ரெண்டாவது பாகம், ஜேக் மிச்சி எழுதி ஜஸ்டின் மோலட்னிகாஃப் டைரக்ட் பண்ணது. இதுல மெர்லினும் ஆர்தரும் ரெண்டே பேரா காட்டுக்குள்ள இருக்கிற சீன் எல்லாம் இந்த சீரிஸ் மொத்தத்துலயும் நடிப்புக்கும் எழுத்துக்கும் உச்சம். கேமரா அந்தக் காட்டை விட்டு வெளிய வந்துச்சுன்னா போதும், உடனே அவசரம், உடனே சொதப்பல். இந்த ரெண்டும் ஒரே முக்கால் மணி நேரத்துக்குள்ள இருக்கிறதாலதான் இதைப் பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு நிறுத்த முடியல, அழுதுகிட்டே திட்டுற கேஸ்.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சுருக்கமா. ஆர்தர் ராஜா கதை நம்ம எல்லாருக்கும் அரைகுறையா தெரியும், கல்லுல சொருகின வாள், வட்ட மேசை, நீள தாடி வச்ச கிழவன் மெர்லின். 2008 செப்டம்பர்ல ஆரம்பிச்ச இந்த சீரிஸ்ல அந்த தாடிய எடுத்துட்டு மெர்லினை ஒரு சின்ன பையனா ஆக்கிட்டாங்க, பொறக்கும்போதே மந்திரத்தோட பொறந்த கிராமத்துப் பையன், கோலின் மோர்கன் பண்ணிருப்பாரு. ஆர்தர் திமிர் புடிச்ச இளவரசன், பிராட்லி ஜேம்ஸ், அவனுக்கு இவன் எடுபிடி, கவசத்தை துடைக்கணும் பூட்ஸை துடைக்கணும் கூடவே தினம் திட்டு வாங்கணும். ஆர்தரோட அப்பா ஊதர் நாட்டுல மந்திரத்தையே தடை பண்ணி வச்சிருக்காரு, மாட்டினா மரண தண்டனை. முதல் எபிசோட்ல மெர்லின் ஊதரோட தலைநகரான கேமலாட்டுக்குள்ள கால வைக்கும்போதே கோட்டை முற்றத்துல மந்திரம் பண்ணினான்னு ஒருத்தனோட தலைய எடுத்துட்டு இருக்காங்க, அதைப் பாத்த பையன் எதுக்கு வாயைத் திறக்கப் போறான். ஆக, அவன் மந்திரத்தை வச்சு ஆர்தரை காப்பாத்திகிட்டே இருப்பான், ஆர்தருக்கு அது தெரியவே தெரியாது, இதுதான் சீரிஸ்.

இந்த ரகசியம் எப்ப உடையும்னு காத்திருக்க வச்சே அஞ்சு சீசன் ஓட்டிட்டாங்க. எத்தனை தடவை கிட்ட வந்து தப்பிச்சுது தெரியுமா. முதல் சீசன் மூணாவது எபிசோட்லயே அரண்மனை வேலைக்காரப் பொண்ணு க்வென்னை (பின்னாடி ஆர்தரோட ராணி) காப்பாத்த அரசவைக்குள்ள ஓடி வந்து நான்தான் மந்திரவாதின்னு கத்துறான், ஆர்தர் சிரிச்சுகிட்டே இவனுக்கு அந்தப் பொண்ணு மேல காதல், அதான் உளர்றான்னு சொல்லி அனுப்பிடுவான். ரெண்டாவது சீசன்ல ஆர்தர் தன் பிறப்புக்கே மந்திரம்தான் காரணம்னு தெரிஞ்சு அப்பா கழுத்துல வாள் வைக்கிறான், அப்போ மெர்லின்தான் ஓடி வந்து அதெல்லாம் சூழ்ச்சி, நம்பாதேன்னு பொய் சொல்லி நிறுத்துவான், அந்த ஒரு பொய்யில மந்திரம்னாலே ஏமாத்துன்னு ஆர்தர் முடிவு பண்ணிடுவான். நாலாவது சீசன்ல சாகக் கிடக்கிற ஊதரை கிழவன் வேஷத்துல போய் மந்திரத்தால காப்பாத்த பாக்குறான், ஊதருக்கு மகளாப் பொறந்தும் எதிரியாகிட்ட மோர்கானா வச்ச தாயத்தால அது உல்டா ஆகி ஊதர் செத்தே போயிடுவாரு. அஞ்சாவது சீசன்ல செத்துப்போன ஊதரோட ஆவி வந்து மெர்லின்கிட்ட மந்திரம் இருக்குன்னு சொல்ல வாயெடுக்குது, பாதி வார்த்தையிலயே ஆர்தர் கொம்பை ஊதி ஆவியை அனுப்பிடுறான். டேய்! அன்னிக்கு நான் ரிமோட்டை தூக்கி எறியாதது ரிமோட்டோட அதிர்ஷ்டம்.

ஆனா இதுல எல்லாம் பெரிய அடி அஞ்சாவது சீசனோட அஞ்சாவது எபிசோட். ஆர்தரே வாயைத் திறந்து மெர்லின்கிட்ட கேக்குறான், மந்திரத்தை நாட்டுக்குள்ள ஏத்துக்கலாமா, நீ என்ன நினைக்கிறேன்னு. எத்தனை வருஷமா காத்திருந்த கேள்வி. ஏத்துக்கிட்டா, சாகக் கிடக்கிற இளம் வீரன் மோர்ட்ரெட் பிழைச்சுக்குவான், மோர்ட்ரெட்தான் பின்னாடி ஆர்தரை கொல்லப் போறவன்னு மெர்லினுக்கு தெரியும், அதனால கண்ணுல தண்ணியோட வேண்டாம், கேமலாட்ல மந்திரத்துக்கு இடமே இல்லன்னு சொல்லிடுறான். திரும்பி வந்து பாத்தா மோர்ட்ரெட் நல்லா எழுந்து நிக்கிறான். அந்த சீனை மனசுல வச்சுகிட்டு கடைசி எபிசோடை பாக்கணும், இல்லன்னா பாதி வலி புரியாது. மெர்லினுக்கு வழி சொல்ற அந்த பெரிய டிராகன் விதி விதின்னு பேசிகிட்டே இருந்தாலும் இந்தக் கதைல நடந்த கேட்டுல பாதி மெர்லின் பயந்து பயந்து எடுத்த முடிவு. மோர்ட்ரெட் காதலிச்ச காராவை தூக்குல போட்டதாலதான் அவன் மோர்கானா பக்கம் போறான், அந்த ரெண்டு பேரும் தப்பிக்க போட்ட பிளானை ஆர்தர்கிட்ட போட்டுக் கொடுத்தது யாருன்னு பாத்தா அதுவும் நம்ம ஆளுதான்.

சரி எபிசோடுக்கு வருவோம். முதல் பாகம் முடியும்போது மந்திரத்தை இழந்து ஸ்படிகக் குகைக்குள்ள மாட்டின மெர்லின் அதை திரும்ப வாங்கிட்டு கிழவன் ரூபத்துல காம்லான் போர்க்களத்துக்கு வந்து நிக்கிறான். ரெண்டாவது பாகம் அந்தப் போர்லயே தொடங்குது. ராத்திரி, ரெண்டு பக்கமும் பாறை, நடுவுல குறுகலான கணவாய், மோர்கானாவோட சாக்சன் ஆளுங்க ஒரு பக்கம் நம்ம வீரர்கள் ஒரு பக்கம். ஏன் ராத்திரி ஏன் குறுகல்னா காரணம் ஈஸி, கூட்டம் காட்ட காசு இல்ல, இருட்டுல குறுகலான இடத்துல பத்து பேரை ஓட விட்டா நூறு பேரு மாதிரி தெரியும். அதை நான் குறை சொல்லல, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுல குழந்தைங்களோட உக்காந்து பாக்குறதுக்கு எடுத்த சீரிஸ் இது. மேல பாறை உச்சியில இருந்து கிழவன் கோலை நீட்டி மின்னல் இறக்குறான், மோர்கானா தூக்கி எறியப்படுறா, வெள்ளை டிராகன் அய்தூசாவை ஒரே அதட்டுல விரட்டிடுறான், போர் முடிஞ்சுது. இத்தனை சீசனா பெருசா வரப்போகுது வரப்போகுதுன்னு பில்டப் கொடுத்த காம்லான், டீ ஆத்துற நேரத்துல முடிஞ்சு போச்சு.

இங்க ஒரு சின்ன சைடு டிராக். காம்லான் சும்மா சீரிஸ்காரங்க கட்டின கதை இல்ல. வேல்ஸ் நாட்டு பழைய ஆண்டுக் குறிப்புகள்ல 537ஆம் வருஷத்துக்கு நேரா காம்லான் போர், அதுல ஆர்தரும் மெட்ராட்டும் (நம்ம மோர்ட்ரெட்தான்) விழுந்தாங்கன்னு ஒரே ஒரு வரி இருக்கு. ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னாங்களா, ஒரே பக்கம் நின்னாங்களான்னு அந்த வரி சொல்லவே இல்ல, எதிரியாக்கினது எல்லாம் பின்னாடி வந்தவங்க வேலை. 1485ல அச்சான தாமஸ் மாலரியோட புத்தகத்துல ஆர்தர் ஈட்டியால குத்தினதும் மோர்ட்ரெட் அந்த ஈட்டி மேலயே தன் உடம்பை உந்தித் தள்ளிகிட்டு முன்னாடி வந்து ராஜா மண்டையில வெட்டுவான், நினைச்சாலே குலை நடுங்குற காட்சி. சீரிஸ்ல அதெல்லாம் கிடையாது, குடும்பத்தோட பாக்குற நேரம் ஆச்சே, மோர்ட்ரெட் வந்து ஒரு குத்து, ஆர்தர் திருப்பி ஒரு குத்து, மோர்ட்ரெட் சிரிச்சுகிட்டே சாகுறான். அலெக்ஸாண்டர் விளாஹோஸோட அந்த சிரிப்பு மட்டும் நல்லா வேலை செய்யுது, பயமுறுத்துற சிரிப்பு இல்ல, அப்பாடா முடிஞ்சுதுங்கிற சிரிப்பு. அவன் வாள் டிராகன் மூச்சுல காய்ச்சினது, அதோட முனை உடைஞ்சு ஆர்தர் உடம்புக்குள்ள இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா இதயத்தை நோக்கி நகருது, அரண்மனை வைத்தியர் கையஸ் வந்து பாத்துட்டு ரெண்டு நாள்தான்னு சொல்றாரு, அவலான் ஏரிக்கு கொண்டு போனா மட்டும்தான் வழி.

இப்போ காடு. ஆர்தர் கண்ணு முழிக்கிறான், பக்கத்துல மெர்லின் அழுதுகிட்டு இருக்கான். மன்னிச்சுக்கோங்க, நேரத்துக்கு வந்துட்டேன்னு நினைச்சேன்னு சொல்றான். ஆர்தருக்கு ஒண்ணும் புரியல. சாக்சன் படையை விரட்டினது நான்தான்கிறான். அது அந்த கிழ மந்திரவாதின்னு ஆர்தர் சொல்றான், அது நான்தான்னு இவன் சொல்றான், ஏண்டா இப்படி உளர்றேன்னு முதல்ல எரிச்சல்தான் வருது ஆர்தருக்கு. அப்புறம்தான் அந்த வரி வருது, நான் மந்திரவாதி, என்கிட்ட மந்திரம் இருக்கு, அதை உங்களுக்காக மட்டும்தான் பயன்படுத்துறேன்னு. அதுக்கு ஆர்தர் என்ன சொல்லணும்? கோவப்படணும், வாளை எடுக்கணும், எத்தனையோ வருஷமா ரசிகர்கள் மனசுல ஓட்டிப் பாத்த சீன் இது, எல்லாரும் ஒரு வெர்ஷன் வச்சிருந்தாங்க. ஆனா அவன் சொல்றது நீ மந்திரவாதி இல்ல, இருந்திருந்தா எனக்கு தெரிஞ்சிருக்கும்னு. அந்த இடம் ஜேக் மிச்சிக்கு ஒரு கும்பிடு. கூடவே இருந்தவனை எனக்குத் தெரியும்னு நம்பிகிட்டு இருந்த ஒருத்தனுக்கு முதல்ல வலிக்கிறது மந்திரம் இல்ல, தனக்குத் தெரியாம போச்சேங்கிறதுதான்.

நிரூபிக்க மெர்லின் பண்றது என்ன? இடி மின்னல் இல்ல, பக்கத்துல எரியுற நெருப்புல இருந்து தீப்பொறி எழுந்து ஒரு குட்டி டிராகன் உருவமா பறக்குது, அவ்வளவுதான். அந்தச் சின்ன வெளிச்சத்துல ஆர்தர் மூஞ்சியைப் பாக்கணும், நகர்ந்து ஓட உடம்புல தெம்பு இல்ல, ஆனா கண்ணு பின்னாடி போகுது, என்னை விட்டுப் போன்னு சொல்றான். பிராட்லி ஜேம்ஸை நான் முதல் ரெண்டு சீசன்ல அழகான பொம்மைன்னுதான் நினைச்சிருந்தேன், இந்த எபிசோட்ல மனுஷன் பெரும்பாலும் சாஞ்சு கிடக்கிறாரு, குதிரை மேல தொங்குறாரு, கை கால் எதையும் ஆட்ட வழியில்லாம வெறும் மூஞ்சியாலயும் குரலாலயும் முழு எபிசோடையும் இழுத்துட்டு போறாரு. கோலின் மோர்கன் வேற லெவல், அதுக்குன்னே 2013 ஜனவரியில பிரிட்டன் நேஷனல் டெலிவிஷன் அவார்ட்ல சிறந்த நாடக நடிகர் விருது வாங்கினாரு, வாக்களிச்சது பொதுஜனம்.

அப்புறம் அந்த பயணம் மெதுவா போகுது. எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்தப் பகுதியோட வேகம்தான், இல்ல வேகமே இல்லாததுதான். மெர்லின் நெருப்பு மூட்டுறான், இந்த தடவை ஒளிக்காம கண்ணு முன்னாடியே மந்திரத்தால மூட்டுறான், ஆர்தர் அதை பாத்துகிட்டே இருக்கான். வழியில சாக்சன் ஆளுங்க ரெண்டு பேர் மறிக்கிறப்போ மெர்லின் முதல்ல பொய்யாலயும் அப்புறம் மந்திரத்தாலயும் சமாளிக்கிறான், இத்தனை நாளா என்கிட்ட பொய்தான் சொல்லிருக்கேல்லன்னு ஆர்தர் கேக்க, ஆமான்னு ஒரே வார்த்தையில பதில். சமாதானம் சொல்லல, விளக்கம் கொடுக்கல. ஏன் சொல்லலன்னு கேக்கும்போது சொல்லிருந்தா என் தலைய எடுத்திருப்பீங்கன்னு இவன் சொல்றான், என்ன பண்ணிருப்பேன்னு எனக்கே தெரியலன்னு அவன் சொல்றான், உங்களை அந்த இடத்துல நிறுத்த எனக்கு மனசு வரலன்னு இவன் சொல்றான். இவ்வளவு சின்ன வசனம். இவ்வளவு நாள் எடுபிடியா கிடந்ததுக்கு பெருமை வேணாமான்னு கேட்டா பேர் எடுக்க ஒண்ணும் நான் பண்ணலங்கிற தோரணை. ஆர்தருக்கு கோவத்துல இருந்து மலைப்பு, மலைப்புல இருந்து பழைய கிண்டல், கிண்டல்ல இருந்து நன்றின்னு ஒரு சீசன் முழுக்க நடக்க வேண்டிய மாற்றம் ரெண்டு நாளுக்குள்ள நடக்குது, ஆச்சரியம் என்னன்னா நம்புற மாதிரியே நடக்குது.

அங்கதான் எனக்கு வயித்தெரிச்சலும். இவ்வளவு நல்லா எழுதத் தெரிஞ்சவங்க இதை ஏன் அஞ்சாவது சீசன் நடுவுல வைக்கல? ஆர்தருக்கு உண்மை தெரிஞ்சு, கோவப்பட்டு, ஊரை விட்டுத் துரத்தி, அப்புறம் தேடிப் போய் கூட்டிட்டு வந்து, ராஜாவும் மந்திரவாதியும் பக்கத்துல பக்கத்துல நின்னு ஒரு போர் பண்ற மாதிரி ஒரே ஒரு எபிசோட் கொடுத்திருக்கலாம்ல. ஆர்தர் சாகும்போதுதான் சொல்லணும்னு முடிவு பண்ணதால மெர்லினை ஏத்துக்கிட்ட ஆர்தர் எப்படி ஆட்சி பண்ணுவான்னு பாக்கிற வாய்ப்பே நமக்கு இல்லாம போச்சு. பண்டிகைக்கு எடுத்த பட்டுப்புடவைய பீரோவுலயே வச்சுட்டு ஊருக்குக் கிளம்புற நேரத்துல எடுத்துக் கட்டின மாதிரி.

கையஸ் வர்ற சீன் அருமை. ரிச்சர்ட் வில்சன், பெரியவர், ஆரம்பத்துல இருந்தே மெர்லினுக்கு அப்பா மாதிரி. ஆர்தர் பயந்துகிட்டே இவன் மந்திரவாதிங்கிறான், அவரு அலட்டிக்காம இவன் உங்க நண்பன்னு சொல்றாரு, இந்த மண்ணுல நடந்த மந்திரவாதிகள்லயே பெரியவன்னு சொல்றப்போ ஆர்தர், மெர்லினா?ன்னு கேக்குற கேள்வியில அவ்வளவு நொந்த நேரத்துலயும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. ராஜமுத்திரையை அவர்கிட்ட கொடுத்து க்வென்கிட்ட சேர்க்கச் சொல்லும்போதே தான் திரும்பப் போறதில்லன்னு ஆர்தருக்குத் தெரிஞ்சிடுச்சு. க்வென் கேமலாட்ல கையஸ்கிட்ட அந்தப் போரை ஜெயிச்சு கொடுத்த மந்திரவாதி யாருன்னு கேட்டு, அவர் நேரா சொல்லாமலே புரிஞ்சுகிட்டு முகம் மலர்ற இடமும் அழகு. ஏஞ்சல் கூல்பிக்கு கொடுத்தது சில நொடிதான், அதுல அவங்க செய்யறதைச் செஞ்சுட்டாங்க.

ஆனா கேமலாட்டுக்கு கேமரா போனதும் கூடவே ஐரா கதையும் வந்துடுது. முதல் பாகத்துல திடீர்னு முளைச்ச பொண்ணு, ஆர்தரோட வீரன் கவேய்னோட காதலி, மோர்கானாவோட ஒற்றர். அவளைப் பிடிச்சு தூக்குல போடுறாங்க, கவேய்னும் இன்னொரு வீரன் பெர்சிவலும் யார்கிட்டயும் சொல்லாம ரெண்டே பேரா மோர்கானாவைப் பிடிக்கக் கிளம்புறாங்க, மாட்டிக்கிறாங்க, சித்திரவதைல கவேய்ன் அவலான்னு சொல்லிடுறான், தோத்துட்டேன்னு சொல்லிகிட்டே பெர்சிவல் கையில சாகுறான். மூணாவது சீசன்ல இருந்து சிரிச்சு சிரிச்சு நம்மள கவுத்த கவேய்னை, மோர்கானாவுக்கு வழி சொல்ல ஒரு ஆள் வேணுமேங்கிறதுக்காக கொன்னிருக்காங்க. ஓயின் மேக்கன் ரசிகர்கள் இன்னும் மன்னிக்கல, நானும் மன்னிக்கல.

அடுத்து மோர்கானா. இதைப் பத்தி எழுதும்போது கோவம்தான் வருது. முதல் ரெண்டு சீசன்ல கேட்டி மெக்ராத் பண்ண மோர்கானா ஊதரையே எதிர்த்துப் பேசுற நல்ல மனசுக்காரி, தனக்கும் மந்திரம் இருக்குன்னு தெரிஞ்சு ராத்திரி எல்லாம் நடுங்குறவ. அவளுக்கு இருந்த அதே ரகசியம்தான் அடுத்த ரூம்ல இருந்த மெர்லினுக்கும், நீ தனியா இல்லன்னு ஒரு வார்த்தை அவன் சொல்லல, கடைசியில கேமலாட்டை காப்பாத்த அவளுக்கு விஷம் கொடுத்தான். அதுல இருந்துதான் அவ மாறினா. அஞ்சாவது சீசன்லதான் அவ பயந்துகிட்டே இருந்த எம்ரிஸ்ங்கிற பெரிய மந்திரவாதி இந்த எடுபிடிப் பையன்தான்னு அவளுக்கே தெரியுது. அப்போ அந்த ரெண்டு பேரும் நேருக்கு நேர் நிக்கிறப்போ எவ்வளவு பேசணும்! என்ன நடக்குது, அவ வர்றா, ஆர்தரை பாத்து கொக்கரிக்கிறா, எந்த மனுஷ வாளாலயும் என்னைக் கொல்ல முடியாதுங்கிறா, மெர்லின் இது சாதாரண வாள் இல்லன்னு சொல்லி எக்ஸ்காலிபரை இறக்குறான், போயிட்டு வா மோர்கானா, முடிஞ்சுது. நீ இப்படி ஆனதுக்கு என்னையேதான் குறை சொல்லிக்கிறேன்னு நடுவுல ஒரே ஒரு வரி அவன் சொல்றான், அவ்வளவு பெரிய கதைக்கு அந்த ஒரு வரியோட சரி. அவளோட கூடவே குழிக்குள்ள அடைபட்டு வளைஞ்சு போன அந்த அய்தூசா டிராகன் என்ன ஆச்சுன்னும் சொல்லல, அதட்டி விரட்டினதோட சரி.

ஆர்தர் சாகுற சீனை நான் விவரிக்கப் போறதில்ல, ஏரிக்கு கொஞ்ச தூரம் இருக்கும்போது சும்மா என்னைப் பிடிச்சுக்கோன்னு சொல்லி, இதுவரைக்கும் உன்கிட்ட சொல்லாத ஒண்ணு சொல்லணும்னு ஆரம்பிச்சு நன்றின்னு சொல்றான். நீ மாறாதே, எப்பவும் இப்படியே இருன்னு முன்னாடியே ஒரு தடவை சொல்லிருப்பான், அதையும் சேர்த்து கேட்டா தாங்க முடியாது. பின்னணி இசையை அங்க நல்லா அடக்கி வச்சிருக்காங்க.

அதுக்கப்புறம் அந்த பெரிய டிராகன் கில்கரா வருது, ஜான் ஹர்ட்டோட குரல், அந்தக் குரலுக்கு என்ன சொன்னாலும் நம்பத்தான் தோணும், அதான் பிரச்சனையே. நான் தோத்துட்டேன்னு மெர்லின் அழுறான், இல்ல, நீ கட்டணும்னு கனவு கண்டது எல்லாம் நடந்துடுச்சுன்னு டிராகன் சொல்லுது. எப்போ நடந்துச்சு? எங்க நடந்துச்சு? ஆல்பியன், அதாவது பிரிட்டன், ஒண்ணாகும், மந்திரத்துக்கு விடுதலை கிடைக்கும்னுதானே முதல் சீசன்ல இருந்து கோட்டைக்கு அடியில சங்கிலியில கிடந்தப்போ அது சொல்லிகிட்டே இருந்துச்சு. மந்திரத் தடை நீங்குச்சான்னு ஒரு ஷாட், ஒரு வசனம் கிடையாது. க்வென் அரியணையில உக்கார்றா, லியோன்ங்கிற வீரர், 'ராஜா இறந்துட்டாரு, ராணி வாழ்க'ன்னு சொல்றாரு, கொல்லன் மகளா வேலைக்காரியா இருந்தவ தனியா நாட்டை ஆளப் போறா, அது பெரிய விஷயம்தான். அவளுக்கு மெர்லினைப் பத்தி தெரிஞ்சிடுச்சு, அதனால தடைய நீக்கியிருப்பான்னு நாமளே யூகிச்சுக்கணுமாம். 65 எபிசோட் எடுத்தவங்களுக்கு க்வென் ஒரு ஓலைல முத்திரை குத்துற அஞ்சு செகண்ட் கிடைக்கலையா?

வாளை ஏரியில எறியுற இடம் பழைய கதைல இருந்து வந்தது. மாலரியில ஆர்தரோட வீரர் பெடிவியர் வாளை எறிய மனசில்லாம ரெண்டு தடவை ஒளிச்சு வச்சுட்டு எறிஞ்சுட்டேன்னு ராஜாகிட்ட பொய் சொல்வாரு, மூணாவது தடவைதான் எறிவாரு, தண்ணிக்குள்ள இருந்து ஒரு கை வந்து பிடிச்சுக்கும். அந்தக் கதைல அப்போ மெர்லினே கிடையாது, நிமுவேங்கிற பொண்ணு ரொம்ப முன்னாடியே அவரைப் பாறைக்கு அடியில அடைச்சிருப்பா. சீரிஸ்காரங்க பெடிவியர் வேலையை மெர்லினுக்கு கொடுத்தது நல்ல மாற்றம், ஏன்னா கதை முழுக்க பொய் சொன்னவன் இவன், இங்க தயங்காம ஒரே வீச்சுல எறியுறான். பிடிக்கிற கை ரெண்டாவது சீசன்ல அவன் காதலிச்சு இழந்த ஃப்ரேயாவோடதுன்னு பாத்தவங்களுக்கு தெரியும்.

கடைசி ஷாட்ல இன்னிக்கு காலத்து ரோடு, லாரி ஒண்ணு சர்ருன்னு போகுது, முதுகுல பையோட தாடிக்கார கிழவனா மெர்லின் ஏரிக்கரையோரம் நடந்து போறான். இதுக்கு ரசிகர்கள் ரெண்டு கட்சி. எனக்கு பிடிச்சிருந்துச்சு, ஏன்னா ஆல்பியனுக்கு தேவை வரும்போது ஆர்தர் திரும்ப எழுவான்னு டிராகன் சொன்னதுக்கு விலை இதுதான், யாராவது ஒருத்தன் அதுவரைக்கும் காத்திருக்கணும். ஆனா கிறிஸ்துமஸ் கேக் வெட்ட உக்காந்த குழந்தைங்க முன்னாடி இதைப் போட்ட பிபிசி அதிகாரி யாரோ, அவருக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி.

கேமலாட்டா வர்ற கோட்டை பிரான்ஸ்ல இருக்கிற பியர்ஃபோன் கோட்டை, 19ஆம் நூற்றாண்டுல வியோலே லெ டியூக் நெப்போலியன் மூணாமவருக்காக புதுப்பிச்சுக் கட்டினது, அதான் இடைக்காலத்தை விட இடைக்காலமா தெரியுது. கடைசி எபிசோட்ல அதுக்கு அதிக வேலை இல்ல. கிராபிக்ஸ் இன்னிக்கு பாத்தா பழசாத்தான் இருக்கும், டிராகன் பறந்து இறங்குறது கொஞ்சம் பிளாஸ்டிக்.

மார்க் கேட்டா காட்டுக்கு பத்துக்கு பத்து, போருக்கு அஞ்சு, மோர்கானா முடிவுக்கு மூணு, டிராகன் சொன்ன ஆறுதலுக்கு முட்டை. மொத்தமா எட்டு போடுறேன், அதுல ரெண்டு கோலின் மோர்கனோட அழுகைக்கு. 65 எபிசோடும் பாக்க நேரமில்லாதவங்க முதல் சீசன்ல ஒண்ணு, எட்டு, ரெண்டாவதுல எட்டு, ஒம்பது, பன்னெண்டு, நாலாவதுல மூணு, அஞ்சாவதுல மூணு, அஞ்சு, பதினொண்ணு, அப்புறம் கடைசி ரெண்டு பாகத்தையும் இடைவெளி விடாம பாருங்க. கடைசி எபிசோடை மட்டும் தனியா எடுத்துப் பாக்காதீங்க, தீப்பொறி டிராகன் பறக்கும்போது இதுக்கா இவ்வளவு சீன்னு தோணிடும்.